புரொசெசர் வெப்பநிலை: திரையில் தெரியும் எண்ணிலிருந்து காரணத்தைக் கண்டறியும் முறை

பங்குனி, சித்திரை வெயிலிலும் அதன் பின் வரும் சோளகக் காலத்திலும் வன்னியில் கணினி திருத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "அண்ணை, இது 88 காட்டுது, எரிஞ்சு போயிடுமோ?" என்று மடிக்கணினியைத் திறந்தபடியே கொண்டு வருவார்கள். அந்த 88 ஆபத்தானதா இல்லையா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அது எந்த உணரி தந்த எண், அந்தப் புரொசெசருக்குரிய மேல் எல்லையிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது, அந்த இடத்துக்கு எத்தனை வினாடியில் ஏறி வந்தது என்னும் மூன்றையும் அறியாமல் திருகாணியில் கை வைப்பது பெரும்பாலும் வீண் வேலை. சில வேளை நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடும்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்டெல் கோர் வகைப் புரொசெசர்களின் ஒவ்வொரு கோருக்குள்ளும் (கணிப்பு வேலையைச் செய்யும் தனிப் பகுதிக்குள்ளும்) ஒரு வெப்ப உணரி இருக்கிறது. அது "நான் இப்போது 60 பாகையில் இருக்கிறேன்" என்று சொல்வதில்லை. "என் மேல் எல்லைக்கு இன்னும் 40 பாகை மிச்சம் இருக்கிறது" என்றே சொல்கிறது. டிஜே மேக்ஸ் எனப்படும் அந்த மேல் எல்லையிலிருந்து இந்த மிச்சத்தைக் கழித்து, 60 என்ற எண்ணை நமக்குக் காட்டுவது மென்பொருளின் வேலை. பல இன்டெல் புரொசெசர்களுக்கு இந்த எல்லை 100 பாகை, சிலவற்றுக்கு 105. உணரி எல்லைக்கு அருகில் துல்லியமாகவும், எல்லையிலிருந்து விலக விலகத் துல்லியம் குறைந்தும் இருக்கும். ஆகவே 95 என்ற வாசிப்பை நம்பலாம். 34 என்ற வாசிப்பை ஏறக்குறைய என்றே கொள்ள வேண்டும். நமக்கு உண்மையில் பயன்படுவது அந்த மிச்சத் தூரம்தான்.

சோதனையைத் தொடங்குமுன் அறையின் வெப்பநிலையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் சாதாரண வெப்பமானி போதும். காற்றால் குளிர்விக்கப்படும் கணினியில், அறை ஒரு பாகை சூடேறினால் புரொசெசரும் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். இணையத்தில் காணப்படும் ஒப்பீட்டு அட்டவணைகள் பெரும்பாலும் 20 முதல் 22 பாகை வரையான குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. கிளிநொச்சியில் தகரக் கூரையின் கீழ் 36 பாகை இருக்கும் மத்தியான நேரத்தில், அதே புரொசெசர் அதே வேலைக்கு 14, 15 பாகை கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அது பழுதன்று. வாசிப்பிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து வரும் வித்தியாசத்தையே ஒப்பிட வேண்டும்.

வாசிப்பு எடுப்பதற்கு எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நல்லது. தற்போதைய அளவு, குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி ஆகிய நான்கையும் தனித்தனி நிரல்களில் தருவதுடன், எல்லைக்கு மிச்சமுள்ள தூரத்தையும் தனி வரிகளில் காட்டுகிறது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு எல்எம் சென்சர்ஸ் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருள்களைத் திறந்து வைக்காதீர்கள். தாய்ப்பலகை உணரிகளை இரண்டும் ஒன்றாகக் கேட்கும்போது பொய்யான வாசிப்புகள் வருவதுண்டு.

அறிகுறி 1: வேலை கொடுத்தவுடன் சில வினாடிகளுக்குள் 95 பாகையைத் தொட்டுவிடுகிறது

அறிகுறி 7இல் சொல்லப்படும் ரைசன் 7000 வரிசையைத் தவிர்த்தால், இதுவே மிகத் தெளிவான அறிகுறி. சிலிக்கன் துண்டிலே பிறக்கும் வெப்பம் மேலே உள்ள உலோகக் குளிர்விப்பானுக்குப் போய்ச் சேரவில்லை என்பது இதன் பொருள். குளிர்விப்பான் முழுவதும் சூடேறுவதற்குச் சில நிமிடங்களாவது வேண்டும். இரண்டு மூன்று வினாடியிலேயே எண் பாய்கிறதென்றால் தடங்கல் குளிர்விப்பானுக்கு வருமுன்னரே இருக்கிறது. சோதனை ஓடும்போது குளிர்விப்பானின் அடிப்பக்கத்தைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். திரை 95 என்று காட்ட, உலோகம் வெறும் இளஞ்சூட்டில் இருந்தால் காரணம் உறுதியாகிவிட்டது.

இன்டெல் பெட்டியோடு வரும் வட்டக் குளிர்விப்பான்கள் நான்கு பிளாஸ்ரிக் முளைகளால் தாய்ப்பலகையில் பொருத்தப்படுபவை. இந்த முளைகளே முதலில் பார்க்க வேண்டியவை. ஒட்டுசுட்டானிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவரப்பட்ட மேசைக்கணினிகளில், நான்கில் ஒன்று குலுங்கி எழும்பி நிற்பது புதுமையன்று. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். தாய்ப்பலகையைப் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள்: சரியாக இறங்கிய முளையின் பிளந்த நுனி துளைக்கு வெளியே விரிந்து, நடுவிலுள்ள கறுப்பு ஊசி அந்தப் பிளவுக்குள் முழுவதும் இறங்கியிருக்கும். நான்கு நுனிகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விரியாமல் ஒடுங்கியிருந்தால் குளிர்விப்பான் அந்த மூலையில் தூக்கி நிற்கிறது. மீண்டும் பொருத்தும்போது, கழற்றுவதற்காகத் திருப்பிய முளைத் தலைகளைப் பழைய நிலைக்குத் திருப்பிய பின்னரே அழுத்த வேண்டும். அழுத்துவதையும் எதிரெதிர் மூலைகளாக, இரண்டிரண்டாகச் செய்ய வேண்டும். "டிக்" என்ற சத்தம் நான்கு தடவையும் கேட்க வேண்டும்.

முளைகள் சரியாக இருந்தும் எண் பாய்ந்தால், இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கலாம். பழையதை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்து, புதியதை நடுவில் ஒரு கடலை அளவு வையுங்கள். பேஸ்டின் வேலை இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய காற்று இடைவெளிகளை நிரப்புவது மட்டுமே. தடிப்பாகப் பூசினால் அதுவே வெப்பத்துக்குத் தடையாகும். ஏஎம்டி நிறுவனத்தின் புரொசெசர் பொருந்தும் ஏஎம்4 வகைப் பலகையில் குளிர்விப்பானைக் குளிர்ந்த நிலையில் நேராக மேலே இழுக்கவே வேண்டாம். பேஸ்ட் இறுகிப் பிடித்திருந்தால் புரொசெசரும் சொக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்து ஊசிகள் வளைந்துபோகும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்வயரைக் கழற்றியபின், குளிர்விப்பானை இலேசாக இடமும் வலமும் திருகித் தளர்த்தி எடுங்கள்.

அறிகுறி 2: பத்து இருபது நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி எல்லையை அடைகிறது

இங்கே தொடுகை நன்றாக இருக்கிறது. குளிர்விப்பானுக்கு வந்து சேர்ந்த வெப்பத்தை வெளியே கொண்டுபோகக் காற்று போதவில்லை. வன்னியில் இதற்கு முதற் காரணம் புழுதிதான். சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் வீதியோரத்து வீடுகளிலும் பாடசாலைகளிலும் யன்னலைச் சாத்தினாலும் உள்ளே படியும் அந்த நுண்ணிய செம்புழுதி, துணி நூலோடும் தலைமுடியோடும் சேர்ந்து கணினிக்குள் கெட்டியாகிவிடுகிறது.

மடிக்கணினியில் இதை வெளியிலிருந்து காண முடியாது. பின்மூடியைக் கழற்றினாலும் விசிறியின் இறகுகள் ஓரளவு சுத்தமாகவே தெரியும். பலர் அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அழுக்கு இருப்பது விசிறி காற்றைத் தள்ளும் வாயிலுக்கும் செப்புக் குழாயின் முனையிலுள்ள மெல்லிய தகடுகளுக்கும் இடையில். விசிறியின் மேல்மூடியிலுள்ள சிறு திருகாணிகளையும் கழற்றித் தூக்கினால்தான், தகடுகளின் உட்பக்கத்தை முழுவதும் மூடிக்கொண்டு, கம்பளித் துண்டு போலச் செம்மண் நிறத்தில் ஒரு படலம் நிற்பது தெரியும். சாமணத்தால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அது ஒரே துண்டாகவே கழன்று வரும். அதை எடுத்த பின் சுமையின்போது 10 பாகைக்கு மேல் குறைந்த மடிக்கணினிகளைக் கண்டிருக்கிறேன். தெர்மல் பேஸ்டைத் தொடவே தேவைப்படவில்லை.

காற்றூதிச் சுத்தம் செய்யும்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அளவுக்கு மிஞ்சிச் சுழன்றால் அதன் தாங்கி பழுதாகும். சைக்கிள் கடையிலும் டயர் கடையிலும் உள்ள கொம்பிரசரில் பிடித்து ஊதுவிக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கொம்பிரசரின் தொட்டிக்குள் தேங்கும் நீரும் எண்ணெயும் காற்றோடு வந்து பலகையில் தெறிக்கக்கூடும் என்பதால் அதை நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. மென்மையான தூரிகையும் கையால் அழுத்தும் காற்றுப் பந்தும் இந்த வேலைக்குப் போதும்.

மேசைக்கணினியாயின் எளிய சோதனை ஒன்று உண்டு. பக்கமூடியைக் கழற்றி, மேசை விசிறியை உள்ளே வீசும்படி வைத்து, அதே வேலையை அதே நேரம் ஓடவிடுங்கள். வாசிப்பு நன்றாக இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை. சிறிதும் இறங்காவிட்டால் அறிகுறி 1க்குத் திரும்பிச் செல்லுங்கள். பெட்டியின் பின்பக்கத் துளைகளில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நீண்ட விடுமுறைக்குப் பின் திறக்கப்படும் பாடசாலைக் கணினி அறைகளில் இதை எதிர்பார்த்தே போக வேண்டும்.

அறிகுறி 3: ஒரு வேலையும் செய்யாதபோதே 60, 65 பாகையில் நிற்கிறது

"ஒரு வேலையும் இல்லை" என்பது உண்மைதானா என்று முதலில் பாருங்கள். டாஸ்க் மனேஜரைத் திறந்து, புரொசெசர் பயன்பாட்டைச் சில நிமிடம் கவனித்தால், விண்டோஸ் புதுப்பிப்போ வைரஸ் தடுப்பு மென்பொருளோ பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பது தெரியவரும். நிறுத்தாமல் 50, 60 சதவீதம் பயன்படுத்தும், பெயர் அறியாத நிரல் ஏதும் இருந்தால் அது திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நச்சு நிரலாகவும் இருக்கலாம். அப்போது திருத்த வேண்டியது மென்பொருளையே. பயன்பாடு 2, 3 சதவீதந்தான் என்றால் மின்திட்ட அமைப்பில் புரொசெசரின் ஆகக் குறைந்த நிலை 100 சதவீதமாக வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அதுவும் இல்லையெனில் மேலே சொன்ன இரண்டு அறிகுறிகளுக்கும் உரிய சோதனைகளைச் செய்யலாம்.

சுமையின்போது எல்லைக்கு 20 பாகை மிச்சம் இருக்குமானால், ஓய்வு நேரத்து 50 பாகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பயோஸ் திரையில் (விண்டோஸ் ஏறுமுன் திறக்கும் அமைப்புத் திரையில்) காட்டும் எண் விண்டோஸில் காட்டுவதைவிடக் கூடுதலாக இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பயோஸ் திரை திறந்திருக்கும்போது, புரொசெசரை ஓய்வு நிலைகளுக்கு அனுப்பும் இயங்குதளம் ஓடிக்கொண்டிருப்பதில்லை. அதனால் அங்கே 50, விண்டோஸில் 40 என்பதில் முரண் எதுவும் இல்லை.

அறிகுறி 4: நம்ப முடியாத எண்கள் தெரிகின்றன

அறை 34 பாகையில் இருக்க, புரொசெசர் 26 என்று காட்டினால் அது பொய்யே. காற்றால் குளிர்விக்கப்படும் எந்தப் பொருளும் அந்தக் காற்றைவிடக் குளிராது. உணரியின் கீழ்ப்பகுதித் துல்லியக் குறைவே இதற்குக் காரணம். கணினிக்கு ஒன்றும் இல்லை.

127 என்றோ, சைபருக்குக் கீழே என்றோ ஒரு வரி மாறாமல் நின்றால் அது புரொசெசரின் உணரியே அன்று. தாய்ப்பலகையில் உள்ள கண்காணிப்புச் சில்லுக்குப் பல உணரி வாய்கள் இருக்கும். பலகையைத் தயாரித்தவர் சிலவற்றை எதனோடும் இணைக்காமல் விட்டிருப்பார். மென்பொருள் அந்த வெறும் வாயையும் வாசித்து ஒரு எண்ணைக் காட்டுகிறது. கணினிக்கு வேலை கொடுத்துப் பாருங்கள். அசையாத எண்ணைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடலாம்.

கோர் 2 டுவோ காலத்துப் பழைய புரொசெசர்கள் சிலவற்றில் ஒரு கோரின் உணரி கீழ்ப்பக்கத்தில் ஓர் எண்ணில் சிக்கிக்கொள்ளும். அந்த எண்ணுக்கு மேலே போகும்போது மட்டும் சரியாக ஏறும். கோர்களுக்கிடையே 5 முதல் 10 பாகை வரை வித்தியாசம் இருப்பதும் வழமையே.

அறிகுறி 5: இரண்டு மென்பொருள்கள் இரண்டு எண்களைத் தருகின்றன

20 பாகை வித்தியாசம் வந்தால், உங்களுடையது ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் 7 1700எக்ஸ் அல்லது 1800எக்ஸ் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 2017 இல் வந்த இந்த இரண்டிலும், விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக ஏஎம்டி தரும் எண்ணில் 20 பாகை வேண்டுமென்றே கூட்டப்பட்டிருக்கிறது. 2700எக்ஸில் அது 10 பாகை. இதை அறியாத பழைய மென்பொருள் 75 என்று காட்டும்போது சிலிக்கனின் உண்மை நிலை 55 தான். மென்பொருளைப் புதுப்பித்தால் இந்தக் குழப்பம் தீரும்.

இன்டெலில் இத்தகைய வித்தியாசம் வருவதற்குக் காரணம், மென்பொருள் டிஜே மேக்ஸைத் தவறாக எடுத்துக்கொள்வது. ஒன்று 100 இலிருந்தும் மற்றது 105 இலிருந்தும் கழித்தால் விடைகள் 5 பாகை விலகியே நிற்கும். எல்லைக்கு மிச்சமுள்ள தூரமோ இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

அறிகுறி 6: விவரத்தாளில் உள்ள எல்லையை மீறிவிட்டதாகத் தெரிகிறது

அலுவலகங்கள் கழித்து இறக்குமதியாகும் இரண்டாங்கை மேசைக்கணினிகளை வாங்கியவர்கள் இந்த இடத்தில் அதிகம் குழம்புகிறார்கள். ஐ5 3470க்கு இன்டெலின் விவரப் பக்கத்தில் 67.4 பாகை என்று இருக்கும். மென்பொருளோ சுமையின்போது 78 என்று காட்டும். இரண்டும் இரண்டு இடங்களின் வெப்பநிலை. 67.4 என்பது புரொசெசரின் மேலுள்ள உலோக மூடியின் நடுப்புள்ளியில் ஆய்வுகூட முறைப்படி உணரி பதித்து அளக்கப்படுவது. அதை எந்த மென்பொருளாலும் வாசிக்க முடியாது. 78 என்பது உள்ளே கோரின் வெப்பநிலை. 2012 இல் வந்த இந்தத் தலைமுறையில் மூடிக்கும் சிலிக்கனுக்கும் இடையில் உலோகப் பற்றாசுக்குப் பதிலாகப் பேஸ்ட் வைக்கப்பட்டதால், உள்ளே இருப்பது வெளியைவிட நன்றாகவே சூடாக இருக்கும். இதன் டிஜே மேக்ஸ் 105 பாகை. எனவே 78 இல் 27 பாகை மிச்சம் இருக்கிறது. இந்தக் கணினியைத் திறக்கத் தேவையில்லை.

அறிகுறி 7: எண் நொடிக்கு நொடி துள்ளுகிறது

ரைசன் புரொசெசர்களில் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே 45 இலிருந்து 60க்குப் பாய்ந்து உடனே இறங்கும். ஒரு கோரை மிகுந்த வேகத்தில் ஒரு கணம் ஓட்டி வேலையை முடிப்பது அவற்றின் இயல்பு. ஒவ்வொரு பாய்ச்சலோடும் விசிறியும் கூவிக் கரைச்சல் கொடுத்தால், பயோஸில் விசிறி வேகம் மாறுவதற்கான தாமதத்தைச் சில வினாடிகள் கூட்டிவிடுங்கள். 7000 வரிசை மேசைக்கணினிப் புரொசெசர்களில் 7700எக்ஸ், 7950எக்ஸ் போன்றவை கடும் சுமையின்போது 95 பாகை வரை ஏறி அங்கேயே நின்று வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை.

அறிகுறி 8: வெப்பநிலை குறைவு, ஆனால் கணினி ஊர்கிறது

வாசிப்பு 45 பாகை, வேகமோ 0.8 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லை. இதை வெப்பப் பிரச்சினை என்று நினைத்துப் பேஸ்ட் மாற்றுவது பயன் தராது. தாய்ப்பலகையிலுள்ள வேறு உறுப்புகளும் வேகத்தைக் குறைக்கும்படி புரொசெசருக்குச் சைகை அனுப்ப முடியும். மடிக்கணினியில் இதற்கு வழமையான காரணம், கணினியால் இனங்காண முடியாத மாற்றுச் சார்ஜர், அல்லது வலுவிழந்த மின்கலம். மூலச் சார்ஜரை ஒருவரிடம் இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். வேகம் உடனே மீண்டால் விடை கிடைத்துவிட்டது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் (ஈவென்ட் வியூவர்) கேர்னல் புரொசெசர் பவர் என்ற தலைப்பில் 37 என்ற எண்ணுடைய பதிவுகள் இருந்தால், கணினியின் உள்மென்பொருள் புரொசெசரின் வேகத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறது என்று பொருள். அப்பதிவின் நேரத்தில் வெப்பநிலை என்னவாக இருந்தது என்பதோடு சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.

அறிகுறி 9: திடீரென அணைந்துவிடுகிறது

புரொசெசர் எல்லையைத் தொட்டவுடன் அணைவதில்லை. முதலில் தன் வேகத்தைக் குறைத்துச் சூட்டை அடக்கப் பார்க்கும். காணொளி திக்கும், சுட்டி இழுபடும். அதையும் மீறி வெப்பம் எல்லைக்கு மேலே வெகுவாக ஏறினால் மட்டுமே தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைத் துண்டிக்கும்படி சைகை கொடுக்கும். ஆகவே முன்பு எந்தத் தடங்கலும் இல்லாமல் சட்டென்று அணையும் கணினியில், வெப்பத்தைச் சந்தேகிப்பதற்குமுன் மின்வழங்கியையும், மின்னழுத்தம் தாழ்ந்து எழும் மாலை வேளைகளையும், யூபிஎஸ் மின்கலத்தையும் சந்தேகிக்க வேண்டும். நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்ற எண்ணைக் கண்டுவிட்டுச் சூடுதான் காரணம் என்று முடிவு கட்டுகிறார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறெதையும் சொல்வதில்லை.

இதற்கு உறுதியான வழி, எச்டபிள்யூ இன்ஃபோவில் வாசிப்புகளைக் கோப்பில் பதியவிடுவது. பதிவை இயக்கி வழமையான வேலையைச் செய்யுங்கள். அணைந்தபின் மீண்டும் ஏற்றி, அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். எல்லையை எட்டி, வேகம் விழுந்து, அந்த நிலையில் நெடுநேரம் நின்று முடிந்திருந்தால் அறிகுறி 1, 2 ஆகியவற்றின் வேலையைச் செய்யுங்கள். கடைசி வரி 62 பாகையில் நின்றிருந்தால் குளிர்விப்பானைத் தொடாமல், வேறொரு மின்வழங்கியை மாட்டிப் பாருங்கள்.

எந்தத் திருத்தத்தின் பின்னும் அதே மென்பொருளால், அதே வேலையை, பகலின் அதே வேளையில் ஓட்டி, அறை வெப்பநிலையைக் கழித்து வரும் வித்தியாசத்தைத் திகதியோடு ஒரு சிறு கடதாசியில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். காலையில் 28 பாகையில் சோதித்துவிட்டு "குறைந்துவிட்டது" என்று கொடுத்தனுப்பிய கணினி, மத்தியானம் 36 பாகை அறையில் மீண்டும் பழைய எண்ணைக் காட்டும். கொண்டுபோனவர் மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார்.